பன்னிரண்டாம் கட்டிலின் நீர்க்கணக்கு

29.07.2025 செவ்வாய்

ஆஸ்பத்திரி வாட்டுக்குள் கால் வைத்ததும் வைக்காததுமாக இன்றைக்கு எனக்கு ஏச்சுத்தான் வாயில் வந்தது. ஒன்பதாம் கட்டில் அம்மாவுக்குப் பத்து மணிக்கு ஒப்பரேசன். காலை எட்டு மணி வரை பச்சைத் தண்ணீர் குடிக்கலாம் என்று நேற்று நானே இரண்டு தரம் சொன்னேன். அவ நேற்றுப் பின்னேரத்திலிருந்து ஒரு சொட்டும் வாயில் வைக்கவில்லை. ஏனாம்? "பச்சைத் தண்ணியும் குடிக்கக் கூடாதெண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னவ." உடம்பு காய்ந்து போய், சேலைன் ஏற்ற ஒரு நரம்பு அகப்படவில்லை. நாலு தரம் குத்தினேன். "பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் உங்களுக்கு மயக்க மருந்தும் குடுக்கப் போறாவோ?" என்று கேட்டேன். வாட்டே சிரித்தது. அவ மட்டும் சிரிக்கவில்லை.

அது முடிய இன்னொருவரின் மகன் வந்து நிற்கிறார். "அம்மா களைச்சுப் போனா மிஸ், பலத்துக்கு ஒரு போத்தல் ஏத்திவிடுங்கோ." சேலைன் என்ன, ஆட்டுக்கால் சூப்பா? உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. குறைந்தால் நாக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம். கூடினால் நெஞ்சுக்குள் போய் நிரம்பும் வரைக்கும் ஒருவருக்கும் விளங்காது. இதைப் பத்தொன்பது வருஷ நேர்ஸ் வேலையில் சொல்லிச் சொல்லி வாய் உளைகிறது.

இரவுச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன். என் மனுசன் இராகுலனுக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. "எங்கட படகு ஹோர்ன் பழுதாப் போச்சு நிரோ. உன்னை இறங்குதுறையில நிப்பாட்டினாக் காணும்" என்றார். பெரிய பகிடி.

31.07.2025 வியாழன்

மூன்று பேர் லீவு. முப்பத்தெட்டு நோயாளிகள். கால் வீக்கம்.

06.08.2025 புதன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதாமல் படுத்தால் தலைக்குள் அதுவே ஓடும்.

காலை ஏழுக்குப் போனவள் பின்னேரம் ஏழுக்குத்தான் வெளியே வந்தேன். பின்னேரத்துக்கு வர வேண்டியவளுக்குக் காய்ச்சலாம். வாட்டுப் பொறுப்புச் சிஸ்டர் என்னைப் பார்த்தா. நானும் தலையாட்டினேன். வேறு என்ன செய்கிறது?

பன்னிரண்டாம் கட்டிலுக்குப் பெரிய ஒப்பரேசன் முடிந்து ஓர் அம்மா வந்திருக்கிறா. நஜ்முன் நிஸா, கிண்ணியா, அறுபத்து மூன்று வயது, நாற்பத்தாறு கிலோ. குருவி மாதிரி உடம்பு. சிறுகுடல் முறுகி அடைத்திருந்தது. நேற்றிரவு டொக்டர் அருளம்பலம் அழுகின பகுதியை வெட்டி எடுத்துவிட்டுக் குடலை மறுபடி பொருத்தியிருக்கிறார். இன்று காலை பத்து மணிக்கு எங்களிடம் அனுப்பினார்கள். நான் சிறுநீர் சேரும் சலப் பையை அளந்து ஊற்றிவிட்டுக் கணக்கைத் தொடங்கினேன். உள்ளே போனது ஒரு பக்கம், வெளியே வந்தது ஒரு பக்கம். நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தரம். அவவின் எடைக்கு நாலு மணித்தியாலத்தில் தொண்ணூறு மில்லிலீட்டராவது வர வேண்டும்.

இரண்டு மணிக்கு ஐம்பத்தைந்து.

இன்டர்ன் டொக்டர் கீர்த்தனியைக் கூப்பிட்டேன். தம்பலகாமத்துப் பிள்ளை, வந்து நாலு மாதம், நல்ல கவனம். நாடி பார்த்தா, பிறசர் பார்த்தா, அரை லீட்டர் சேலைன் வேகமாக விடச் சொன்னா. விட்டேன். ஆறு மணிக்குப் பார்த்தால் எழுபது. இன்னுமோர் அரை லீட்டர். ஒழுங்காகப் போகும் சேலைனையும் கூட்டச் சொன்னா. "இன்னும் காய்ஞ்சுதான் இருக்கிறா போல மிஸ்" என்றா. குடல் அடைத்துக் கிடந்தவர்கள் அப்படித்தான், தண்ணீரெல்லாம் குடலுக்குள் போய்த் தேங்கியிருக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

துணைக்கு நிற்பது மருமகள், நிப்லா. இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். பன்னிரண்டு மணி போல நான் மருந்து வண்டியோடு நிற்கிறேன், ஏழாம் கட்டில் சத்தி எடுக்கிறது, ரெலிபோன் அடிக்கிறது, இவள் பின்னால் வந்து, "மிஸ், மாமி படுத்த படுக்கையில தொழப் போறா. அந்தப் பைய ஒருக்கா ஊத்தித் தருவீங்களா" என்கிறாள். சலம் பக்கத்தில் இருக்கத் தொழ மனம் வரவில்லையாம். எனக்கு வந்ததே கோபம்! "உங்களுக்குக் கை இல்லையோ? எனக்கு முப்பத்தெட்டுப் பேர். போய் நீங்களே ஊத்துங்கோ" என்று கத்திவிட்டேன். பாவம், முகம் சுருங்கிப் போய்விட்டது. பிறகு ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நாளைக்கும் காலை வேலை.

07.08.2025 வியாழன்

பன்னிரண்டாம் கட்டிலுக்கு மூச்சு முட்டியது.

இரவு பத்து மணிக்கும் சலம் குறைவாம், அறுபத்தைந்து. இன்னுமோர் அரை லீட்டர். இரண்டு மணிக்கு நூற்றைம்பது. சேலைன் வேலை செய்கிறது என்று நிம்மதிப்பட்டிருக்கிறார்கள். காலை ஆறு மணிக்குத் திரும்பவும் ஐம்பது. இன்னோர் அரை லீட்டர். நான் ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தபோது கண் இமை தடித்திருந்தது. மோதிரம் விரலில் இறுகியிருந்தது. அப்போதே விளங்கியிருக்க வேண்டும். கணக்கில் சலம் குறைவு, ஆள் பார்த்தால் ஊதிப்போய். இரண்டில் எதை நம்புவது? நான் கடதாசியை நம்பினேன்.

ஒன்பது மணிக்கு நிப்லா ஓடிவந்தாள். "மிஸ், மாமிக்கு மூச்சு எடுக்க ஏலாம இரிக்கி." நெஞ்சில் குழாயை வைத்தால் கொதிக்கிற பானை மாதிரி இரண்டு பக்கமும் சத்தம். ஒட்சிசன், ஓட்டம். அரை மணித்தியாலத்தில் ஐ.சி.யு.வுக்குக் கொண்டு போய்விட்டோம். மகன் ஸாஜித், லிஃப்ட் வாசல் வரைக்கும் உம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஒரு நாளுக்குள் அந்தக் குருவி உடம்புக்குள் ஐந்தரை லீட்டர் போயிருக்கிறது. இப்போதுதான் கூட்டிப் பார்த்தேன்.

08.08.2025 வெள்ளி

பௌர்ணமிப் போயா விடுமுறை. எங்களுக்கு ஏது போயா.

நஜ்முன் நிஸாவுக்கு மூச்சுக் குழாய் போட்டு மெஷினில் வைத்திருக்கிறார்கள். அங்கே மணிக்கு மணி சலம் அளக்கிறார்கள். நீர் இறக்கும் ஊசி போடுவதற்கு முன்னமே முதல் அரை மணித்தியாலத்தில் நாற்பது வந்ததாம். இரத்தத்தில் பார்த்தாலும் சிறுநீரகத்துக்கு ஒரு குறையும் இல்லை.

டொக்டர் அருளம்பலம் வாட்டுக்கு வந்தார். கடதாசியை மேசையில் போட்டார். எல்லாருக்கும் முன்னால் கீர்த்தனியிடம் கேட்டார்: "சிறுநீரகம் நல்லா வேலை செய்யுது. பிறகு யாருக்காக நீர் இவ்வளவு சேலைன் ஏத்தினீர்? நோயாளிக்கோ, கடதாசிக்கோ?"

"சலம் குறைவா இருந்தது சேர்."

"குறைவா இருந்தா நோயாளியைப் போய்ப் பார்க்கிறதில்லையோ? கண் வீங்கினது தெரியேல்லையோ?"

அந்தப் பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டுமாம். இன்டர்ன் காலத்தை மூன்று மாதம் நீட்டப் போகிறார் என்று கதை.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்த எண்கள் சரியா மிஸ்?"

"என்ர கண்ணால அளந்தனான் சேர்." குரலை உயர்த்தியே சொன்னேன்.

09.08.2025 சனி

என் எண்ணைச் சந்தேகப்படுகிறார்களாம்! பத்தொன்பது வருஷம். ஒரு மில்லிலீட்டர் பிசகாமல் எழுதுகிறவள் நான். இவர்களுக்கு யாரில் பழி போடலாம் என்றுதான் யோசனை.

10.08.2025 ஞாயிறு

லீவு. மத்தியானம் கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். தூரத்தில் பள்ளிவாசல் பாங்கு கேட்டது. கத்தியை வைத்துவிட்டேன்.

புதன்கிழமை எழுதியதை எடுத்துப் பார்த்தேன். இதே கொப்பி. என்னுடைய கையெழுத்து. "போய் நீங்களே ஊத்துங்கோ."

குசினிக்குள் நின்றே ஐந்து நேரத் தொழுகையையும் கணக்குப் போட்டேன். லுஹர் பன்னிரண்டேகால். அஸர் மூன்றரை. மஃரிப் ஆறரை. இஷா ஏழரை தாண்டி. சுபஹ் ஐந்து மணிக்குள். நாங்கள் அளந்தது இரண்டு, ஆறு, பத்து, இரண்டு, ஆறு. இரவு பத்துக்கும் விடிய இரண்டுக்கும் இடையில் மட்டும்தான் ஒரு தொழுகையும் இல்லை. அந்த ஒரு தரம் மட்டும்தான் நூற்றைம்பது.

மற்ற நேரமெல்லாம் நாங்கள் அளந்தது பையில் மிஞ்சியதை.

தற்செயலாகவும் இருக்கலாம். பிழையாகவும் இருக்கலாம். அவள் ஊற்றியிருக்கவே மாட்டாள், இவ்வளவு ஏச்சு வாங்கிவிட்டு யார் பையைத் தொடுவார்கள் —

ஏச்சு வாங்கினபடியால்தானே தொட்டிருப்பாள்!

கறி அடிப்பிடித்துவிட்டது. இவர் அதையே போட்டுச் சாப்பிட்டார்.

11.08.2025 திங்கள்

ஐ.சி.யு.வுக்கு வெளியே வாங்குப் பலகையில் நிப்லா தனியாக இருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன். சுகம் கேட்டேன். மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள், கண் திறந்து பார்த்தாவாம். பிறகு கேட்டேன்.

"பையை ஊத்தினீங்களா பிள்ளை?"

"ஓம் மிஸ். ஒவ்வொரு தொழுகைக்கும் முந்தி. நீங்கதான செல்லித் தந்தீங்க." பிறகு, "அது பிழையா மிஸ்?" என்றாள்.

நான் என்ன சொன்னேன்? "இல்லைப் பிள்ளை, பாப்பம்" என்றேன். எழும்பி வந்துவிட்டேன்.

12.08.2025 செவ்வாய்

பொருத்திய இடத்தில் குடல் கசிந்துவிட்டது. நஜ்முன் நிஸாவைத் திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டு போனார்கள். இனிக் குடலின் வாயை வயிற்றுக்கு வெளியே எடுத்துப் பை ஒட்டி வைப்பார்கள். மூன்று நாலு மாதத்துக்குப் பிறகுதான் மூடிவிடலாம், அதுவும் உடம்பு தேறினால்.

தண்ணீர் கூடினால் நெஞ்சு மட்டும் ஊதுவதில்லை, குடலும் ஊதும். ஊதிய குடலில் தையல் பிடிக்காது. "அதுதான் காரணம் எண்டு சத்தியம் பண்ண ஏலாது. வேற காரணமும் இருக்கலாம்" என்று டொக்டர் அருளம்பலம் சிஸ்டரிடம் சொன்னாராம். எனக்கு அந்த "இருக்கலாம்" போதவில்லை.

கீர்த்தனி நேர்சஸ் அறையில் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு அழுதா. "அம்மா அப்பாக்கு என்னெண்டு சொல்லுவன் மிஸ்? ஊருக்கே சொல்லி வைச்சிருக்கினம் சித்திரையில முடியுதெண்டு." முதுகைத் தடவிவிட்டேன். எந்தக் கையால் தடவினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

13.08.2025 புதன்

சொல்லிவிட்டேன். காலை ரவுண்ட் முடிந்து டொக்டர் அருளம்பலம் கைகழுவும்போது.

"சேர், துணைக்கு நின்ற பிள்ளை தொழுகைக்கு முன்னம் பையை ஊத்தியிருக்கிறா. அளக்காமல். அதுதான் எங்களுக்குக் குறைவாத் தெரிஞ்சிருக்குது."

அவர் குழாயைப் பூட்டினார். "அளக்காமல் ஊத்தக் கூடாதெண்டு நீங்கள் சொல்லிக் குடுக்கேல்லையோ?"

"சொன்னனான் சேர்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் தெரியாது.

கீர்த்தனியின் விளக்கக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நீட்டிப்பு இல்லை. "நோயாளியைப் பார்த்துப் பழகும்" என்று மட்டும் சொன்னாராம். அந்தப் பிள்ளை வந்து என்னைக் கட்டிப்பிடித்தா. "நீங்கள் கண்டுபிடிச்சிருக்காட்டி நான் துலைஞ்சன் மிஸ்." சிஸ்டரும் முதுகில் தட்டினா. நல்ல மூளை உங்களுக்கு என்றா.

இவரிடம் இதை மட்டும் சொன்னேன். "பாத்தியா, உன்ர கண்ணுக்கு ஒண்டும் தப்பாது" என்றார்.

15.08.2025 வெள்ளி

வாட்டுச் சுவரில் மூன்று மொழியிலும் அறிவித்தல். துணைக்கு நிற்பவர்கள் நோயாளியின் எந்தப் பையையும் தொடக் கூடாது. ஊழியர்கள் ஒருவருக்கொருவர் "கிண்ணியா மருமகள்" என்று கதை சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நஜ்முன் நிஸாவை எங்கள் வாட்டுக்கே திரும்ப அனுப்பிவிட்டார்கள். அதே பன்னிரண்டாம் கட்டில். கதைக்கத் தென்பில்லை, கண்ணை மூடியே கிடக்கிறா.

பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் ஸாஜித் வந்தார். யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். வராந்தாவில் வைத்து நிப்லாவைக் கேட்டார், நான் மருந்து அறைக்குள் நிற்கிறேன், ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது. "ஒனக்கு ஆரு செல்லித் தந்த, அதத் தொட? டொக்டர்மாருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிரிக்கி? உம்மாட வயித்தப் பாரு, பாரு போய்!"

அவள் தலையை நிமிர்த்தினாள். கண்ணாடிக்குள்ளால் நேரே என்னைப் பார்த்தாள். இப்போது சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"தெரியாமச் செய்திட்டன்" என்றாள். அவ்வளவுதான்.

16.08.2025 சனி

ஏன் சொல்லவில்லை? ஏன்?

19.08.2025 செவ்வாய்

மூன்று நாளாக நிப்லா இல்லை. துணைக்கு வேறொரு மனுசி நிற்கிறா, ஸாஜித்தின் பெரியம்மாவாம். "அந்தப் பிள்ளையை மூதூருக்கு, தாய் வீட்டுக்கு அனுப்பியாச்சி" என்றா. உம்மா எழும்பி நடக்கும் வரைக்கும் என் கண்ணில் படாதே என்று ஸாஜித் சொன்னாராம். "புள்ள வளைகாப்புப் போட்ட கையோட போறமாதிரி அழுதழுது போகுது" என்று பக்கத்துக் கட்டில்காரி உவமை சொன்னா, ஒரு பொருத்தமும் இல்லாமல். எனக்கு அவவின் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது.

பெரியம்மாவுக்குப் புதுப் பையைக் கையாளத் தெரியவில்லை. ஒழுகி, தோல் வெந்து போயிருக்கிறது. நஜ்முன் நிஸா இன்றைக்குத்தான் முதல் முதலாக என்னோடு கதைத்தா. "மிஸ், என்ட மருமகள் எங்க? அவள் இரிந்தா எனக்கு இப்பிடி நோகாது."

நான் தோலுக்குப் பூச்சு மருந்து பூசினேன்.

20.08.2025 புதன்

இரவு இவரிடம் முழுவதையும் சொன்னேன். தொடங்கினதும் தெரியாது, முடித்ததும் தெரியாது. அழுகை. இவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப அந்தப் பெட்டைக்கு ஊத்தச் சொன்னது நீ."

"ஓம்."

"டொக்டரிட்ட அளக்கச் சொன்னதெண்டு சொன்னது பொய்."

"ஓம்."

"சொன்னா என்ன நடக்கும்?"

"விசாரணை. கையெழுத்து. வாட்டை விட்டுத் தூக்குவினம். வேற ஊருக்கும் போடலாம்."

வழக்கம்போல ஏதும் பகிடி விடுவார் என்று பார்த்தேன். விடவில்லை. "அந்தப் பிள்ளை இப்ப எத்தினை நாளா மூதூரில?" என்று கேட்டார். நாலு நாள் என்றேன். "ம்" என்றார். எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவினார்.

எனக்கு அவரில் கோபம் வந்தது. ஆறுதலாக ஒரு சொல் சொன்னால் குறைந்தா போய்விடுவார்? பிறகு யோசித்தால், என்ன சொல்லைச் சொல்வது?

22.08.2025 வெள்ளி

காலையில் டொக்டர் அருளம்பலத்தின் அறைக்குப் போனேன். கதிரையில் இருக்கச் சொன்னார். இருக்கவில்லை. "சேர், அண்டைக்கு நான் பொய் சொன்னனான்" என்று தொடங்கிவிட்டேன், பிறகு நிற்பாட்ட முடியவில்லை. அளக்கச் சொல்லவில்லை. பையை ஊற்றச் சொன்னதே நான். கத்திச் சொன்னேன். பிறகு மறந்தும் போனேன். நினைவு வந்த பிறகும் பொய் சொன்னேன்.

அவர் பேனையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஏசுவார் என்று பார்த்தேன். "இதை எழுதித் தாங்கோ" என்றார். அங்கேயே நின்று எழுதினேன். தமிழில் எழுதினேன், இங்கிலிஷில் எழுதினால் கை எங்காவது ஒளித்துக்கொள்ளும் என்று பயம்.

அது லேசு. பின்னேரம்தான் பாரம்.

ஸாஜித் கட்டிலருகே நின்று உம்மாவுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தார். போய் நின்றேன். "தம்பி, ஒரு விஷயம். உங்கட மனைவியில பிழை இல்லை. அவ என்னட்ட வந்து முறையாக் கேட்டவ. நான்தான் ஏசி, நீங்களே ஊத்துங்கோ எண்டு சொன்னனான். அளக்க வேணுமெண்டு அவவுக்கு ஆர் சொன்னது? ஒருத்தரும் சொல்லேல்லை. நான் சொல்லியிருக்க வேணும்."

கரண்டி அப்படியே நின்றது.

"அப்ப அவள் ஏன் அத என்னட்டச் செல்லல்ல?"

"எனக்குத் தெரியாது. நீங்கள்தான் கேக்க வேணும்."

அவருடைய முகம் சிவந்து, பிறகு வெளிறியது. என்னை அடித்தாலும் பரவாயில்லை என்று நின்றேன். அவர் என்னை ஏசவே இல்லை. "நான் அவள வராந்தாவுல வெச்சி... எல்லாருக்கும் முன்னால..." என்றார். முடிக்கவில்லை.

நஜ்முன் நிஸா கண்ணைத் திறந்திருந்தா. எல்லாம் கேட்டிருக்கிறா. "மகன், போனைப் போடு" என்றா. அவ்வளவு மெலிந்த குரலில் அப்படி ஓர் அதட்டல்! பிறகு என் பக்கம் பார்த்தா. "நீங்க போங்க மிஸ். எனக்கு இப்ப ஒங்களப் பார்க்க ஏலாது."

வந்துவிட்டேன். அறிவித்தலைச் சுவரிலிருந்து கிழித்தேன். சிஸ்டர் பார்த்துக்கொண்டு நின்றா.

25.08.2025 திங்கள்

நிப்லா வந்துவிட்டாள். ஸாஜித்தே போய்க் கூட்டிக்கொண்டு வந்தாராம். பையை அவள்தான் மாற்றுகிறாள், கீர்த்தனி பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கிறா. எவ்வளவு வெளியே வந்தது, எவ்வளவு குடித்தது என்று எழுதவும் பழக்குகிறா. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கீர்த்தனியும் என்னோடு பழையபடி கதைப்பதில்லை. "ஓம் மிஸ்", "இல்லை மிஸ்". அதுவும் நியாயம்தான்.

03.09.2025 புதன்

கடிதம் வந்தது. ஸாஜித் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். கொடுக்காவிட்டால்தான் அதிசயம். விசாரணையில் எல்லாம் ஒப்புக்கொண்டேன். மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் கேட்டார்: "வேலைப்பளு கூட எண்டு எழுதலாமே, முப்பத்தெட்டு நோயாளி, பன்னிரண்டு மணித்தியாலம்." எழுதினேன். அதுவும் உண்மைதான். ஆனால் முப்பத்தெட்டுப் பேர் இருந்ததால் நேரம் இல்லாமல் போனது. பொய் சொன்னதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

நஜ்முன் நிஸா போன கிழமையே வீட்டுக்குப் போய்விட்டா. சொல்லிக்கொள்ளவில்லை.

15.09.2025 திங்கள்

என்னைக் கண் கிளினிக்குக்கு மாற்றிவிட்டார்கள். சொட்டு மருந்து விடுகிறேன். எச்சரிக்கைக் கடிதம் கோப்பில். சம்பள உயர்வு ஒரு வருஷம் நிற்கும்.

18.09.2025 வியாழன்

இங்கே யாரும் சாகப் போவதில்லை. காலை எட்டுக்கு வரிசை, பன்னிரண்டுக்கு முடிந்துவிடும். கால் வீக்கம் வற்றிவிட்டது. வாட்டுக்கு முன்னால் போகாமல் பின் படியால் ஏறுகிறேன்.

இன்று ஒரு கிழவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்றார். வாய் வரைக்கும் ஏச்சு வந்தது. விழுங்கினேன். விழுங்கினால் நெஞ்சு எரிகிறது, அது வேறு கதை. மூன்றாம் தரம் கேட்டபோதுதான் சொன்னார், காலையில் அவசரத்தில் யாரோ தவறான கண்ணில் விட்டு எரிந்ததாம். பயமாம்.

27.09.2025 சனி

காலை பத்து மணி இருக்கும். உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். தெரியாத இலக்கம்.

"மிஸ், நான் நிப்லா."

சவர்க்காரக் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னமே கீர்த்தனியிடம் என் இலக்கம் வாங்கி வைத்திருந்தாளாம். முதலில் கீர்த்தனிக்குத்தான் அடித்தாளாம், அவவுக்குத் தியேட்டர், எடுக்கவில்லையாம்.

"மாமிட பையில நேத்து காலையில இருந்து இண்டைக்குக் காலை வரைக்கும் ஆயிரத்தி எழுநூறு மிஸ். முந்த நாள் தொளாயிரம். கொப்பில எழுதி வெச்சிரிக்கன். தண்ணிதான் போகுது. தலை சுத்துது எண்டுறா. நான் பச்சத் தண்ணியும் இளநீரும் நல்லாக் குடுக்கன். குடுக்கக் குடுக்கக் கூடத்தான் போகுது."

"சலம்?"

"ரெண்டு தரம்தான். அளந்தன். இருநூத்தம்பது. மஞ்சள்."

அந்தக் குருவி உடம்பு. அன்றைக்குக் கூட்டிவிட்டோம், இன்றைக்கு வற்றுகிறது. பச்சைத் தண்ணியை நிற்பாட்டு, அது உப்பையும் இழுத்துக்கொண்டு போகும், ஜீவனி உப்புத் தூளைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு, கொடுத்துக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வா, வாசலிலேயே இந்தக் கணக்கைக் காட்டு, பின்னேரம் பார்ப்போம் என்று சொன்னால் கேட்காதே என்றேன். வழக்கமான குரலில்தான் சொன்னேன். கத்தினேனோ தெரியாது. "சரி மிஸ், சரி மிஸ்" என்றாள். பின்னால் ஸாஜித் ஓட்டோவுக்குக் கதைப்பது கேட்டது.

பின்னேரம் நாலு மணிக்குத் திரும்ப எடுத்தாள். சேலைன் ஏற்றுகிறார்களாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னாராம். கொப்பியை வாங்கி வாட்டில் எல்லாருக்கும் காட்டினாராம்.

"நல்லா எழுதியிருக்கிறீங்கள் பிள்ளை" என்றேன். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று கேட்டேன்.

"அண்டைக்கு வராந்தாவில... ஏன் என்ர பேரைச் சொல்லேல்லை?"

"மாமி ஒங்கட கையிலதான இரிந்தா மிஸ்."

என்னில் இரக்கப்பட்டு மறைத்தாள் என்று அல்லவா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கோபத்தை நான் மாமியில் காட்டிவிடுவேன் என்று பயந்து மறைத்திருக்கிறாள்.

"எனக்கு ஒங்களோட இன்னும் கோவம்தான்" என்றாள். "மாமிக்கும்தான். ஆனா கணக்கு ஒங்களுக்குத்தான விளங்குது." பிறகு, "பேனை இரிக்கா மிஸ்? பகல்ல போனத வாசிக்கன், சரியா எண்டு பாருங்க" என்றாள்.

இந்தக் கொப்பிதான் கிட்ட இருந்தது.

சேலைன் — 1000
ஜீவனி — 400
பை — 650
சலம் — 180